ட்ரையாட் வந்த வழி, அன்னபூரணி போன வழி

திருகோணமலைக்குப் போவதென்றுதான் முதலில் பிளான். பேசி வைத்த வான்காரர் வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஃபோன் எடுத்து, "தங்கச்சி, வான் கராஜிலை நிக்குது, நாளைக்கு வராது" என்றார். லீவு போட்டாயிற்று. அம்மாவிடம் மூன்று நாளாகக் கெஞ்சி அனுமதியும் வாங்கியாயிற்று. தம்பி பகிடியாகச் சொன்னான்: "அக்கா, அப்ப மானிப்பாய்க்குப் போவம்."

மானிப்பாய் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடம். யாராவது பயணம் என்று வெளிக்கிட்டு மானிப்பாய்க்குப் போவார்களா? ஆனால் என் சிநேகிதி சிரிக்கவில்லை. அவள் தாதியர் பயிற்சியில் இருக்கிறாள். "எங்களுக்குப் படிப்பிக்கிற மிஸ் ஒருநாள் சொன்னவா, நூற்றைம்பது வருசத்துக்கு முன்னம் மானிப்பாயிலை தமிழிலைதான் டொக்டருக்குப் படிச்சவையாம். நாங்கள் இப்ப ஒரு குளிசையின்ர பேரைத் தமிழிலை சொல்லத் தெரியாமல் நிக்கிறம். அது உண்மையோ எண்டு பாக்கோணும்" என்றாள்.

அப்படித்தான் இந்தப் பயணம் தொடங்கியது. ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு ஸ்கூட்டி, மூன்று பேர், சனியும் ஞாயிறும். உடுவில், மானிப்பாய், வட்டுக்கோட்டை, பண்டத்தரிப்பு, தெல்லிப்பளை. அடுத்த நாள் சிறுப்பிட்டி வழியாக வல்வெட்டித்துறை. எல்லாம் பஸ் போர்டில் தினமும் வாசிக்கிற பெயர்கள்.

போவதற்கு முன் ஒரு கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1815 ஒக்ரோபர் 23 அன்று அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் நியூபரிபோர்ட் என்ற சிறிய துறைமுகத்திலிருந்து 'ட்ரையாட்' என்ற பாய்க்கப்பல் வெளிக்கிட்டது. அதில் ஐந்து மிஷனரிமாரும் அவர்களில் நால்வருடைய மனைவிமாரும் இருந்தார்கள். சுயெஸ் கால்வாய் வெட்டப்பட இன்னும் ஐம்பது வருடங்களுக்கு மேல் கிடந்தது, ஆபிரிக்காவைச் சுற்றித்தான் வரவேண்டும். ஐந்து மாதம் கழித்து, 1816 மார்ச்சில் கொழும்பில் இறங்கினார்கள். அந்த வருடமே யாழ்ப்பாணம் வந்துவிட்டார்கள்.

அவர்கள் ஏன் இங்கே வந்தார்கள்? யாழ்ப்பாணத்தின் மேலிருந்த பிரியத்தால் இல்லை. அமெரிக்க மிஷனின் முதலாவது குழு 1812 இல் கல்கத்தாவில் இறங்கியபோது கிழக்கிந்தியக் கம்பனி அவர்களை அங்கே இருக்க விடவில்லை. போதாததற்கு அதே வருடம் பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் யுத்தம் தொடங்கியது. இலங்கையோ கம்பனியின் கையில் இல்லை, நேரே முடிக்குரிய நாடு. ஆளுநர் பிரவுன்றிக் யாழ்ப்பாணத்துக்குப் போக விட்டார். எங்கள் படிப்பின் வரலாறு என்று பெருமையாகச் சொல்கிற பலதும், வேறெங்கும் கதவு திறக்காத சிலர் திறந்த ஒரு கதவால் உள்ளே வந்ததிலிருந்து தொடங்குகிறது.

சனிக்கிழமை காலை மருதனார்மடத்தில் திரும்பி உடுவிலுக்குள் இறங்கினோம். உடுவில் மகளிர் பாடசாலை 1824 இல் தொடங்கியது. ஆசியாவின் முதலாவது பெண்கள் விடுதிப் பாடசாலை என்று சொல்வார்கள். தொடங்கியவர் ஹரியற் வின்ஸ்லோ. 1833 இல், நாற்பது வயதைத் தொடுவதற்கு முன்னமே, இங்கேயே இறந்துபோனார். அவருடைய கணவர் மிரோன் வின்ஸ்லோதான் பிறகு சென்னையில் இருந்து 67,000 சொற்களுக்கு மேலுள்ள தமிழ்–ஆங்கில அகராதியை 1862 இல் வெளியிட்டவர். இவர்களின் பூட்டப்பிள்ளைதான் அமெரிக்காவின் வெளிவிவகாரச் செயலாளராக இருந்த ஜோன் ஃபொஸ்டர் டலஸ். வோஷிங்டன் விமான நிலையத்துக்கு அவருடைய பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னவுடன் தம்பி, "அப்ப உடுவில் ஆக்களுக்கு விசா கெதியா குடுக்கோணுமே" என்றான்.

உடுவிலில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. ஆரம்பத்தில் பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்ப ஒருவரும் விரும்பவில்லை. படித்த பெண்ணை யார் கட்டுவார்கள் என்ற அதே கேள்விதான். அதற்கு மிஷன் கண்டுபிடித்த வழி, படித்து முடித்து ஒரு கிறிஸ்தவ மாப்பிள்ளையைக் கட்டுகிற பிள்ளைக்குச் சீதனம் கொடுப்பது. பொஸ்ரனிலிருந்து வந்த சீர்திருத்தக்காரரையும் எங்கட சமூகம் கடைசியில் சீதனம் கொடுக்க வைத்துவிட்டது! ஆர் ஆரை மாற்றினார்கள் என்று இந்த இரண்டு நாளில் நாங்கள் பல தரம் கேட்டுக்கொண்டோம், இது முதலாவது தரம்.

உடுவிலில் இருந்து மானிப்பாய் கிட்டத்தான். இடையில் வெங்காயத் தோட்டங்கள், புகையிலை, மதில் மேல் விழுந்து கிடக்கிற முருங்கை. மானிப்பாய் சந்தியில் தேத்தண்ணியும் றோல்ஸும் எடுத்துவிட்டு கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலைப் பக்கம் போனோம்.

சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1822 இல் மசாசூசெற்ஸின் வூஸ்ரர் நகரில் பிறந்தவர். அவருடைய தமையன் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் நியூயோர்க்கில் சென்ட்ரல் பார்க் உருவாக முக்கிய காரணமானவர்களில் ஒருவர். தம்பி 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த வருடம் மானிப்பாயில் வைத்தியசாலை தொடங்கினார். கூடவே மாணவர்களைச் சேர்த்து வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில்தான். பிறகு தமிழுக்கு மாறினார். தமிழில் படிப்பிக்கப் புத்தகம் இல்லை, ஆகவே தன் மாணவர்களையும் வைத்துக்கொண்டு புத்தகங்களை உண்டாக்கினார். பிரசவ வைத்தியம், இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் என்று ஒவ்வொன்றாக வந்தன.

இந்தப் பெயர்களைச் சிநேகிதி திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். அங்காதிபாதம் என்றால் உடற்கூற்றியல். இரணவைத்தியம் என்றால் சத்திரசிகிச்சை, இரணம் புண்தானே. ஆனால் 'கெமிஸ்தம்' என்றவுடன் அவளுக்குச் சிரிப்பு. கெமிஸ்ற்றியின் வாலில் ஒரு 'தம்' ஒட்டியிருக்கிறது! எனக்கு அந்தச் சொல்தான் அதிகம் பிடித்தது. தனித்தமிழ் என்ற கவலை அங்கே இல்லை. சொல் கிடைத்தால் எடுத்தார்கள், கிடைக்காவிட்டால் உள்ள சொல்லுக்குத் தமிழ் வேட்டி கட்டி விட்டார்கள். அன்றைக்கு வகுப்பில் இருந்த பெடியனுக்கு விளங்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

கிறீன் 1873 இல் ஊருக்குத் திரும்பினார். அதற்குள் அறுபதுக்கும் மேற்பட்டவர்களை வைத்தியர்களாக்கி விட்டிருந்தார். அவர்களில் பாதிப் பேரளவில் தமிழிலேயே படித்தவர்கள். 1884 இல் வூஸ்ரரில் இறந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று பொருள்படத் தன் கல்லறையில் எழுதச் சொல்லியிருந்தார், அப்படியே எழுதினார்கள். அமெரிக்காவில் ஒரு சுடலையில் 'தமிழர்' என்ற சொல் நூற்று நாற்பது வருடமாக வெயிலும் பனியும் குடித்துக்கொண்டு கிடக்கிறது.

இங்கேதான் எங்களுக்குள் முதல் சண்டை வந்தது. நான் கிறீனைப் புகழ்ந்துகொண்டே போக, தம்பி கேட்டான்: "அந்தாள் ஏன் தமிழுக்கு மாறினவர்?"

நல்ல கேள்வி. தமிழ்ப் பற்று என்று சொல்லி முடித்துவிடலாம், முழு உண்மை அது இல்லை. ஆங்கிலத்தில் படித்த வைத்தியர்கள் அரசாங்க உத்தியோகம் கிடைத்தவுடன் ஊரை விட்டுப் போய்விடுவதைக் கிறீன் கண்டார். தமிழில் படித்தவன் போக மாட்டான், சனத்தோடு சனமாகக் கிராமத்தில் இருப்பான் என்பது அவருடைய எண்ணம். அதாவது, ஆளை ஊரில் நிற்பாட்டி வைக்கிற கயிறாகவும் தமிழ் பயன்பட்டது.

தம்பி ஐயெல்ற்ஸ் சோதனைக்குப் படிக்கிறான். கனடா போகிற யோசனை. "அப்ப நான் போகாமல் இருக்கத்தான் தமிழோ?" என்றான். சிநேகிதிக்குக் கோவம் வந்துவிட்டது. "வாட்டிலை கிடக்கிற அம்மம்மாவுக்கு என்ன வருத்தம் எண்டு அவவின்ர பாசையிலை சொல்ல ஆளில்லை. உனக்குக் கயிறு எண்டு கதை." இரண்டு பேரும் சொல்வது சரி. அதுதான் கஷ்டம். கிறீனின் முயற்சியும் அவருக்குப் பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1870 இலேயே கொழும்பில் ஆங்கிலமொழி மருத்துவப் பள்ளி தொடங்கிவிட்டது. மரியாதையும் சம்பளமும் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம் பெடியள் போனார்கள்.

மானிப்பாயை விட்டு வெளிக்கிட முதல் அச்சுக்கூடத்தைப் பற்றி ஒரு சொல். 1820 இல் அமெரிக்காவிலிருந்து ஜேம்ஸ் கரற் என்ற அச்சுத் தொழிலாளி இங்கே வந்தபோது எட்வர்ட் பார்ன்ஸின் அரசாங்கம் அவரை நாட்டை விட்டுப் போகச் சொல்லிவிட்டது. அச்சு இயந்திரம் வந்தது, அச்சடிக்கிறவரை இருக்க விடவில்லை. இயந்திரம் நல்லூரில் ஆங்கிலேய மிஷனிடம் போனது. 1834 இல்தான் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் வேலை தொடங்கியது. அதற்குப் பிறகு நின்று பார்க்க நேரமில்லாத வேகம். 1841 இல் உதயதாரகைப் பத்திரிகை. அதன் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்று இரண்டு பேர், இருவரும் இந்த ஊர்த் தமிழர்தான். 1842 இல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களோடு மானிப்பாய் அகராதி. இதைப் பார்த்துக்கொண்டு ஆறுமுக நாவலர் சும்மா இருக்கவில்லை. 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கி, பிறகு தானும் அச்சுக்கூடம் வைத்து, அதே ஆயுதத்தாலேயே திருப்பி அடித்தார். அது தனியாக எழுத வேண்டிய கதை.

சங்கானைப் பக்கம் போகாமல் உள்பாதையால் வட்டுக்கோட்டை போனோம். மத்தியானம். சரியான வெயில்.

வட்டுக்கோட்டை என்றால் எங்களில் அனேகருக்கு 1976 மே மாதத் தீர்மானம்தான் ஞாபகம் வரும். அந்த மாநாடு நடந்தது பக்கத்திலே பண்ணாகத்தில். ஆனால் அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே இந்த ஊரின் பெயர் பொஸ்ரனில் தெரிந்திருந்தது. கோவில் வளவுக்குள் போனால், போர்த்துக்கீசர் கட்டி, ஒல்லாந்தர் 1678 இல் திருத்திக் கட்டிய தேவாலயம் நிற்கிறது. அமெரிக்கர் 1816 இல் வந்தபோது கூரை இல்லாமல் பாழடைந்து கிடந்தது. இப்போது தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்குப் பேராலயம் அதுதான். சுவரின் தடிப்பைப் பார்த்துத் தம்பி கையை விரித்து அளந்தான். உள்ளே நல்ல குளிர்மை. பத்து நிமிடம் ஒருவரும் கதைக்காமல் இருந்தோம். பக்தியும் களைப்பும் பாதி பாதி.

1823 இல் இங்கே வட்டுக்கோட்டை செமினரி தொடங்கியது. முதல் அதிபர் டானியல் பூவர், ட்ரையாட்டில் வந்த ஐவரில் ஒருவர். செமினரியில் பைபிள் மட்டுமா படிப்பித்தார்கள்? இல்லை. கணிதம், வானியல், நில அளவை, தமிழ் இலக்கணம், சமஸ்கிருதம் எல்லாம் இருந்தன. 1829 மார்ச்சில் ஒரு சந்திரகிரகணம். பஞ்சாங்கம் கணிக்கிற விசுவநாத சாஸ்திரியார் ஒரு கணக்குச் சொன்னார், பூவர் இன்னொரு கணக்குச் சொன்னார். தொடங்கும் நேரத்திலும் மறைவின் அளவிலும் இருவருக்கும் வித்தியாசம். இரவு வானம் பூவரின் பக்கம் நின்றது. மிஷன் இதைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடியது. நான் வேறு மாதிரித்தான் பார்க்கிறேன். தொலைநோக்கியும் ஐரோப்பிய அட்டவணைகளும் இல்லாமல், பரம்பரையாக வந்த வாய்பாட்டை மனதில் வைத்துக்கொண்டு, இன்ன இரவு இன்ன நேரத்தளவில் நிலவு மறையும் என்று ஒரு மனுசன் இங்கே கணித்திருக்கிறார். கொஞ்சம் பிசகினது பெரிய விஷயமா, அவ்வளவு கிட்டப் போனது பெரிய விஷயமா?

செமினரிக் காலத்துப் பெயர்களைக் கவனியுங்கள். கறோல் விசுவநாதபிள்ளை, ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை. அமெரிக்காவில் இருந்து ஒரு பிள்ளையின் படிப்புக்குக் காசு அனுப்புகிறவர் தான் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்கு வைக்கலாம். அப்படி ஒரு ஒழுங்கு இருந்தது. பிள்ளை வளர்ந்த பிறகு அந்தப் பெயரை முன்னுக்கு வைத்து, தகப்பன் வைத்த பெயரைப் பின்னுக்கு வைத்து நடந்தார்கள். 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய ஆர்னோல்ட் கடைசிவரை கிறிஸ்தவர். வேறு சிலர் சைவத்துக்கே திரும்பிப் போனார்கள்.

எல்லாம் பொற்காலம் என்று எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை. அந்தப் பெஞ்சில் யார் இருந்தார்கள்? பெரும்பாலும் வெள்ளாளப் பிள்ளைகள். ஆரம்பத்தில் மிஷன் வளவுக்குள் சமைத்த சோற்றைச் சாப்பிட மாட்டோம் என்று பெடியள் நின்றார்கள். பக்கத்துச் சைவக்காரரின் காணியில் குசினி வைத்துச் சமாளிக்க வேண்டி வந்தது. கடவுளுக்கு முன் எல்லாரும் சமம் என்று சொல்லிக்கொண்டு கடல் கடந்து வந்தவர்கள், யாழ்ப்பாணத்து அடுப்புக்கு முன்னால் விட்டுக்கொடுத்தார்கள். இது உடுவிலின் சீதனம் மாதிரி சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. நூறு வருடம் கழித்து, 1930 அளவில்கூட, பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக இருத்த வேண்டும் என்றதற்கே இங்கே பள்ளிக்கூடங்கள் எரிந்தன. எந்த மொழியில் படிப்பது என்று நாங்கள் காலையில் போட்ட சண்டையைப் போடக்கூட, முதலில் பெஞ்சில் இடம் கிடைத்திருக்க வேண்டும்.

1855 இல் செமினரியை மூடிவிட்டார்கள். பொஸ்ரனில் இருந்து மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூஃபஸ் அன்டர்சன் வந்து பார்த்தார். படித்தவர்கள் போதகர்களாகவில்லை, ஆங்கிலத்தைப் படித்துவிட்டு உத்தியோகத்துக்குப் போகிறார்கள். இதற்கா காசு அனுப்புகிறோம்? தாய்மொழியில் படிப்பித்தால் போதும், கிராமத்துக்குப் போதகர் கிடைத்தால் போதும் என்பது அவருடைய கொள்கை. பெற்றோருக்கும் பழைய மாணவர்களுக்கும் தேவைப்பட்டது ஆங்கிலம். தீர்மானம் எடுத்தது பதினாலாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த சங்கம். அதே 1855 இல், பெப்ரவரியில், டானியல் பூவர் மானிப்பாயில் கொலராவில் இறந்தார். முப்பத்திரண்டு வருடத்துக்கு முன் தான் தொடங்கியது மூடப்படுவதை அவர் பார்க்கவில்லை.

இப்போது தம்பியின் கேள்வி இன்னும் கூர்மையாகத் திரும்பி வந்தது. அன்டர்சனும் தமிழில் படி என்றார், கிறீனும் தமிழில் படி என்றார். இரண்டும் ஒன்றா? மர நிழலில் இருந்து பணிஸ் சாப்பிட்டுக்கொண்டே நாங்கள் வந்த முடிவு: இல்லை. ஒருவர் தமிழைக் காட்டிக் கதவை மூடினார். மற்றவர் தமிழுக்குள் ஒரு கதவைத் திறக்கப் பார்த்தார், உடற்கூற்றியல் முழுவதையும் உள்ளே கொண்டுவந்தார். ஆனால் இரண்டு பேருக்கும் பொதுவானது ஒன்று உண்டு. நாங்கள் எங்கே இருக்க வேண்டும் என்பதை அவர்களே யோசித்து வைத்திருந்தார்கள்.

ஊர்ச்சனம் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. காசு சேர்த்து, பொஸ்ரனோடு வாதாடி, 1872 இல் அதே ஊரில் யாழ்ப்பாணக் கல்லூரியைத் திறக்க வைத்தார்கள். அங்கே பிற்காலத்தில் படிப்பித்த ஹன்டி பேரின்பநாயகம்தான் 1924 இல் மாணவர் காங்கிரசைத் தொடங்கியவர்களில் முன்னுக்கு நின்றவர். 1927 இல் காந்தி யாழ்ப்பாணம் வந்தது அவர்களின் அழைப்பில். வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் மாறி, பூரண சுயராச்சியம் இல்லை என்று 1931 இல் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். எங்கட வயதுப் பெடியள். பகிஷ்கரிப்பு சரியா பிழையா என்று இன்றைக்கும் அடிபடலாம். ஆனால் தாய்மொழிக் கல்வி, சாதி ஒழிப்பு, சுதந்திரம் மூன்றையும் ஒரே மூச்சில் கேட்ட இளைஞர்கள் இந்தப் பக்கத்தில் இருந்தார்கள் என்பதை எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஒருவரும் சொல்லித் தரவில்லை.

பண்டத்தரிப்பில் நிற்கவே இல்லை, ஸ்கூட்டிக்குக் காற்று அடிக்க மட்டும் நின்றோம். ஆனாலும் ஒன்று சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த டொக்டர் ஜோன் ஸ்கடர் 1820 களில் இங்கேதான் வைத்தியம் பார்த்தார். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர் தொடங்கியதுதான் வேலூர் சீஎம்சி ஆஸ்பத்திரி. இப்போதும் பெரிய வருத்தம் என்றால் எங்கட ஆட்கள் வேலூருக்கு ஓடுகிறார்கள்.

இரவு தெல்லிப்பளையில் பெரியம்மா வீட்டில் தங்கல். பூவரும் வொரனும் 1816 இல் முதலில் இறங்கிய ஊர் இது. பூவரின் மனைவி சூசன் 1821 இல் இங்கேதான் இறந்தார். அவர்கள் தொடங்கிய பள்ளிக்கூடம் இன்று யூனியன் கல்லூரி. செல்வநாயகமும் அங்கே படித்தவர். பெரியம்மாவுக்கு இந்தக் கதை ஒன்றும் தேவைப்படவில்லை. அவவின் வரலாறு 1990 இல் தொடங்குகிறது. ஒரு சூட்கேசோடு வெளிக்கிட்டது, இருபது வருடம் வாடகை வீடுகளில் இருந்தது, திரும்பி வந்தபோது வீட்டுக்குள் ஆலமரம் நின்றது. "கூரை இல்லை பிள்ளை, வேர் சுவரைப் பிளந்துபோட்டுது" என்றா. மத்தியானம் பார்த்த தேவாலயத்தைப் பற்றி நான் வாசித்து வைத்திருந்ததும் இதுதான், பாழடைந்த சுவர், இல்லாத கூரை. பெரியம்மாவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம்.

ஞாயிறு காலை புத்தூர்ப் பக்கமாகப் போனோம். நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு சிறுப்பிட்டிக்குள் ஒரு சுற்று. சி. வை. தாமோதரம்பிள்ளை 1832 இல் பிறந்த ஊர். செமினரியில் படித்தவர். சென்னைப் பல்கலைக்கழகம் 1857 இல் முதன்முதல் பீஏ பட்டம் கொடுத்தபோது தேறிய இருவரில் இவர் ஒருவர், மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளை. இருவருமே வட்டுக்கோட்டையின் பிள்ளைகள்! மூடப்பட்டு இரண்டு வருடமான ஒரு பள்ளிக்கூடத்தின் பிள்ளைகள்.

தாமோதரம்பிள்ளை ஆங்கிலம் படித்து, வெளியே போய், உத்தியோகம் பார்த்தவர். அன்டர்சனின் கணக்கில் இவர் தோல்வி. பிறகு இந்த மனுசன் என்ன செய்தார்? செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடித் தேடி, ஒப்பிட்டுப் பார்த்து அச்சில் ஏற்றினார். 1881 இல் வீரசோழியம், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887 இல் கலித்தொகை. ஊரை விட்டுப் போனவர்தான் தொல்காப்பியத்தைக் காப்பாற்றினவர்களில் ஒருவர். ஆங்கிலம் படிக்காமல் இருந்திருந்தால் நல்ல போதகராகியிருப்பார். தம்பி எதுவும் சொல்லவில்லை, ஆனால் அவன் முகத்தில் வெற்றிச் சிரிப்பு. சிநேகிதி ஹெல்மெட்டால் ஒன்று போட்டாள்.

அச்சுவேலி, தொண்டைமானாறு, செல்வச்சந்நிதி. பாலம் தாண்டியவுடன் காற்று மாறிவிடும், கடல் வாசம் வரும். வல்வெட்டித்துறை.

இங்கே வந்தது இன்னொரு கப்பலுக்காக. பாக்குநீரிணையைத் தாண்டி நாகபட்டினம் வரைக்கும், இன்னும் தூரம் ரங்கூன் வரைக்கும் பாய்க்கப்பல் விட்ட ஊர் இது. கப்பலை இங்கேயே கட்டினார்கள், அரிசியும் ஓடும் மரமும் ஏற்றி இறக்கினார்கள். 1930 இல் இங்கே கட்டியது 'அன்னபூரணி'. 89 அடி நீளம், இரண்டு பாய்மரம், வேப்பமரத்தில் கட்டியது என்று சொல்வார்கள். வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் ஏற்கெனவே ஒரு சின்னப் பாய்ப்படகில் உலகத்தைச் சுற்றி வந்தவர். அவர் இந்தக் கப்பலைக் கண்டு, ஆசைப்பட்டு, வாங்கிவிட்டார். தன் மனைவியின் பெயரை வைத்து 'புளோரன்ஸ் சீ. றொபின்சன்' ஆக்கினார். பாருங்கள், இங்கேயும் பெயர் மாற்றம்தான். காசு கொடுத்தவர் வைத்த பெயர்.

1937 இல் வெளிக்கிட்டது. தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் இந்த ஊர் மாலுமிகளும் அதில் போனார்கள். ஏடன், சுயெஸ், மத்தியதரைக் கடல், ஜிப்ரால்டர், பேர்முடா. 1938 ஓகஸ்ட் முதலாம் திகதி குளோஸ்ரர் துறைமுகத்தில் போய் இறங்கினார்கள்.

குளோஸ்ரர் எங்கே இருக்கிறது என்று தம்பி மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு ஃபோனில் தேடினான். தேடிவிட்டு அப்படியே நின்றான். மசாசூசெற்ஸ், எசெக்ஸ் மாவட்டம். அதே மாவட்டத்தில் வடக்கே நியூபரிபோர்ட். ட்ரையாட் 1815 இல் வெளிக்கிட்ட இடத்துக்கும் அன்னபூரணி 1938 இல் போய்ச் சேர்ந்த இடத்துக்கும் இடையில், கிட்டத்தட்ட யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்கும் உள்ள தூரம்தான். நடுவில் இப்ஸ்விச் என்ற ஊர். றொபின்சனின் மனைவி புளோரன்ஸ் அந்த ஊரில் மலையில் மாளிகை வைத்திருந்த கிரேன் குடும்பத்துப் பெண்.

ஒரு கப்பல் படிப்பிக்க வந்தது. அதைப் பற்றி நூலகம் நூலகமாகப் புத்தகம் இருக்கிறது, மிஷனரிமார் வீட்டுக்கு எழுதிய கடிதம்கூடப் பத்திரப்பட்டிருக்கிறது. மற்றக் கப்பலை எங்கட ஆட்கள் இங்கேயே கட்டி, அங்கே கொண்டுபோய் விட்டார்கள். அந்தப் பயணத்தை அவர்கள் தங்கள் வாயால் சொன்ன கதையை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. மரத்தை வளைக்கிற மேஸ்திரிக்கும் காற்றைப் பார்த்துப் பாய் மாற்றுகிற தண்டையலுக்கும் இருந்த அறிவை எந்தச் செமினரி சேர்த்து வைத்தது? போருக்குப் பிறகு, சுதந்திரத்துக்குப் பிறகு, பாஸ்போட்டும் இறக்குமதிக் கட்டுப்பாடும் வந்து கப்பல் ஓட்டமும் படுத்துவிட்டது. வல்வெட்டித்துறை என்றால் பிறகு வேறு கதைகள்தான் சொல்லப்பட்டன.

ரேவடிக் கடற்கரையில் ஒரு ஐயா வலை திருத்திக்கொண்டிருந்தார். அன்னபூரணி என்றவுடன் தலையை நிமிர்த்தினார். தன் அப்பு ரங்கூன் போய் வந்தவர் என்றார். தம்பி கேட்டான்: "இங்கிலிஸ் தெரியாமல் எப்பிடி ஐயா அமெரிக்கா மட்டும் போனவை?"

"வெள்ளிதான் தம்பி. வெள்ளியைப் பாத்துத்தான் போறது" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெள்ளைக்காரனும் கூட இருந்தவன்தானே" என்று சேர்த்தார். நாங்கள் சிரித்தோம், அவரும் சிரித்தார்.

"நீர் எங்க போறீர்?" என்று தம்பியைக் கேட்டார். போகப் போகிறான் என்று எப்படித் தெரிந்ததோ. தம்பி கனடா என்றான். எந்த இடம் என்று கேட்டார். தம்பி சொன்னான். "அங்க எங்கட மருமோன் நிக்கிறார். ஃபோன் நம்பர் தரட்டோ?" என்று சேட்டுப் பையைத் தடவினார், ஃபோன் வீட்டில். இருங்கோ எடுத்துக்கொண்டு வாறன் என்று எழும்பிப் போய்விட்டார்.

அவர் திரும்பி வர முக்கால் மணித்தியாலம் ஆயிற்று. அதற்குள் இருட்டிவிட்டது. வல்லை வெளிக்கு வந்தபோதுதான் ஸ்கூட்டியின் முன் லைற் எரியவில்லை என்று கண்டோம். சிநேகிதியை முன்னுக்கு விட்டு, பின்னால் எங்கட லைற்றைப் போட்டுக்கொண்டு, காற்றுக்குச் சரிந்து சரிந்து மெதுவாக வந்தோம். நடு வெளியில் தம்பி பின்னுக்குத் திரும்பி, "அக்கா, நிமோனியாவுக்குக் கிறீன் என்ன பேர் வைச்சிருப்பார்?" என்று கத்தினான். காற்றில் அவளுக்குக் கேட்கவில்லை.